பத்து மில்லி சிரிஞ்சை வைத்து பாலிமர் சங்கிலியின் எடையை அளப்பது எப்படி

"பத்து மில்லி சிரிஞ்சு ரெண்டு, பச்சைக் கொண்டை போட்ட 21 கேஜ் ஊசி நாலு" என்று கேட்டதும் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தார். "யாருக்கு சார் ஊசி?" கொத்தவரங்காய்க்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கொடுத்துவிட்டார்.

நான் சொன்னது பொய்யும் இல்லை. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற மாவு, கேக் சாமான் கடைகளில் 'குவார் கம்' என்று பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அது ஒரு பாலிமர். சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலியைக் கண்ணால் பார்க்க முடியாது, ஒற்றையாக எடுத்துத் தராசில் வைக்கவும் முடியாது. ஆனால் தண்ணீரில் கரைத்து, ஊசி வழியாக ஒழுகவிட்டு, எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் அதன் மூலக்கூறு எடையை ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம். கல்லூரி ஆய்வகங்களில் இதையே உப்பலோடே விஸ்காமீட்டர் என்கிற கண்ணாடிக் குழாயில் செய்வார்கள். எம்.எஸ்சி. படிக்கும்போது அப்படி ஒன்றை உடைத்துவிட்டு அபராதம் கட்டியவன் நான், அதனால் பிளாஸ்டிக் சிரிஞ்சு மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. போன வருடம் அக்கா பெண் பிளஸ் டூ பிராஜெக்டுக்காக "மாமா, ஏதாவது வித்தியாசமா சொல்லுங்க" என்று வந்து நின்றபோது இதைத்தான் செய்தோம். எங்கே சறுக்கினோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் சறுக்கிய இடங்களில்தான் விஷயமே இருக்கிறது.

தேவையானவை: குவார் கம் 100 கிராம் பாக்கெட் (சில கிராமுக்கு மேல் தேவைப்படாது, மீதியை அம்மாவிடம் கொடுத்துவிடலாம்), 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு, சிரிஞ்சு, ஊசி, உயரமான எவர்சில்வர் தம்ளர், ஒரு வெப்பமானி, கேன் தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம். குவார் கம்முக்கு உப்பு பெரிய பொருட்டில்லை என்றாலும், எங்கள் ஏரியா போர் தண்ணீரில் வேறு என்னென்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் கரைக்கத் தெரிய வேண்டும்

பாதிப் பேர் இங்கேயே தோற்றுவிடுவார்கள். மாவைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் என்ன ஆகும் என்று ஆடி மாதம் கூழ் காய்ச்சிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கட்டி தட்டும். கேழ்வரகு மாவிலாவது கரண்டியால் மசித்துவிடலாம். குவார் கம் கட்டி அதற்கெல்லாம் மசியாது. உருண்டையின் வெளிப்பக்கம் நனைந்ததும் அங்குள்ள சங்கிலிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, ரப்பர் உறை போல மூடிக்கொள்ளும். உள்ளே மாவு காய்ந்தபடியே கிடக்கும். அந்த உறையைத் தாண்டி தண்ணீர் உள்ளே போக மணிக்கணக்கில் ஆகும். ஒன்றைப் பிய்த்துப் பார்த்தோம், கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி நடுவில் உலர்ந்த வெள்ளைப் பொடி இருந்தது.

இதற்கு வழி, சங்கிலிகள் உப்புவதற்கு முன்பே துகள்களைப் பிரித்துவிடுவது. 1 கிராம் மாவை ஒரு கிண்ணத்தில் எடுத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட் சில சொட்டு விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். குவார் கம் ஆல்கஹாலில் கரையாது, அதனால் துகள்கள் நனையும், ஆனால் உப்பாது. பிறகு 500 மில்லி தண்ணீரை ஸ்பூனால் வேகமாகச் சுழற்றி, நடுவில் விழும் பள்ளத்தில் அந்தக் குழம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பத்து நிமிடம் விடாமல் கலக்கி, மூடி, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் லேசான மங்கலோடு, சோறு வடித்த கஞ்சியின் மேல்தண்ணீர் போல இருக்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள், இல்லையென்றால் கரையாத விதைத் தோல் துணுக்கு ஊசியில் அடைத்துக்கொள்ளும்.

மிக்ஸியில் மட்டும் அடிக்காதீர்கள். நுரை வரும் என்பது ஒன்று. இன்னொன்று முக்கியம்: பிளேடுக்குப் பக்கத்தில் தண்ணீர் மிக வேகமாக இழுபடும்போது சங்கிலியின் ஒரு முனை ஒரு பக்கமும் மறு முனை மறு பக்கமும் இழுக்கப்பட்டு, நடுவில் அறுந்துபோகலாம். நீளமான சங்கிலிக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். நாம் அளக்க நினைப்பதே நீளத்தை, அளப்பதற்கு முன்பே அதை நறுக்கிப் போட்டால் எப்படி?

ஏன் கொஞ்சம் போட்டாலே கெட்டியாகிறது

ஒரு கிராம் சர்க்கரையை அரை லிட்டர் தண்ணீரில் போட்டால் ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியாது. ஒரு கிராம் குவார் கம் போட்டால் விரலில் வழுக்குகிறது. இரண்டும் சர்க்கரைதான், எடையும் ஒன்றுதான். வித்தியாசம் கோத்திருப்பதில் இருக்கிறது.

மெரினாவில் உழைப்பாளர் சிலையடியில் ஒருவரை நிறுத்தி, பத்தாயிரம் அடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடிக்கு 70 சென்டிமீட்டர் வைத்தால் நேராக நடப்பவர் 7 கிலோமீட்டர் போயிருப்பார். ஒவ்வொரு அடிக்கும் எந்தத் திசை என்று யோசிக்காமல் நடக்கிற குடிகாரர் சராசரியாக எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருப்பார்? பத்தாயிரத்தின் வர்க்கமூலம் நூறு, ஆக நூறு அடி, அதாவது 70 மீட்டர். இந்தத் தற்போக்கு நடையின் கணிதத்தை 1943இல் நீண்ட கட்டுரையாக ஒழுங்குபடுத்தி எழுதியவர், அந்தக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் நட்சத்திரங்களை மனதில் வைத்து எழுதினார், பாலிமர்காரர்களுக்கும் அது அப்படியே பொருந்தியது. கரைசலில் ஒரு சங்கிலி நீட்டி நிமிர்ந்து கிடப்பதில்லை, குடிகாரர் நடந்த தடம் போலச் சுருண்டு கிடக்கிறது. ஆனால் குடிகாரர் தன் பழைய தடத்தையே மிதித்துப் போகலாம், சங்கிலி தன்னையே ஊடுருவிப் போக முடியாது. அதனால் நல்ல கரைப்பானில் சுருள் இன்னும் கொஞ்சம் விரியும். பாலிமர் வேதியியலாளர் பால் ஃப்ளோரியின் கணக்குப்படி வர்க்கமூலத்துக்குப் பதில் 0.6 அடுக்கு. நம் நூறு அடி 250 அடியாகும்.

இப்போது அந்தச் சுருளைப் பாருங்கள். அது பிடித்திருக்கும் இடத்தில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான், இடையிடையே சங்கிலி ஓடுகிறது, துவைக்கப் போட்ட கொசுவலைப் பந்து மாதிரி. கொசுவலையைப் பக்கெட்டில் இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூல் என்னவோ ஒரு கைப்பிடிதான், ஆனால் உள்ளே இருக்கிற தண்ணீரையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். பாலிமர் சுருளும் அப்படித்தான் தன்னுள் இருக்கும் தண்ணீரை உடன் கூட்டிக்கொண்டு நகர்கிறது. தண்ணீர் ஓடும்போது அது ஒரு பெரிய பந்தாகத்தான் குறுக்கே நிற்கிறது.

பந்து குறுக்கே நின்றால் பாகுநிலை, அதாவது திரவம் ஓடும்போது காட்டும் தடை, எவ்வளவு ஏறும் என்று 1906இல் கணக்குப் போட்டவர் ஐன்ஸ்டைன். திரவத்தில் பந்துகள் அடைக்கும் பங்கை 2.5 ஆல் பெருக்கினால் பாகுநிலை எவ்வளவு கூடும் என்பது கிடைக்கும். முதலில் அச்சான கட்டுரையில் அந்த 2.5 இல்லை, கணக்கில் ஒரு பிழை இருந்தது. சோதனையில் வந்த எண்கள் ஒத்துப்போகாததால் தேடிக் கண்டுபிடித்து 1911இல் திருத்தினார்கள். உங்கள் பிராஜெக்டில் எண் தப்பாக வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கிற முறை

இனிப்பு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்றின் மேல்பக்கத்தில் சிரிஞ்சின் உடல் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். சிரிஞ்சின் மேலே இருக்கும் இரண்டு இறக்கைகள் அட்டையில் தங்கிக்கொள்ளும், பிஸ்டனைக் கழற்றித் தூர வைத்துவிடலாம். ஊசியை மாட்டி, கீழே தம்ளரை வையுங்கள். ஊசி விஷயத்தில் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும், முடிந்ததும் மூடி போட்டு ஒரு கெட்டியான டப்பாவில் போடுங்கள், குப்பை எடுக்க வருபவரின் கையில் குத்தக் கூடாது.

அடுத்து, எங்களை ஒரு நாள் முழுக்க அலைக்கழித்த விஷயம். ஊசி முனை அந்தரத்தில் தொங்கினால் அளவு சரியாக வராது. முனையில் சொட்டு உருவாகும்போது தண்ணீரின் பரப்பு இழுவிசை அதை உள்ளே பிடித்து இழுக்கும். 0.8 மில்லிமீட்டர் தடிமன் ஊசி முனையில் அந்த இழுப்பு மூன்றரை சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். சிரிஞ்சில் நம்மிடம் இருப்பதே எட்டு ஒன்பது சென்டிமீட்டர் உயரம். பாதி போகிற மாதிரி. போதாக்குறைக்கு சொட்டு பெருக்கப் பெருக்க அந்த இழுப்பு மாறிக்கொண்டே இருக்கும். முதல் நாள் ஒரே தண்ணீருக்கு மூன்று முறை மூன்று விடை வந்தது, அக்கா பெண் ஸ்டாப்வாட்சைச் சந்தேகப்பட்டாள். தீர்வு ரொம்ப எளிது: தம்ளரிலும் அதே திரவத்தை ஊற்றி, ஊசி முனை அதற்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். சொட்டே கிடையாது, பிரச்சினையும் கிடையாது. தம்ளரில் மட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சிரிஞ்சில் 10 மில்லிக்கு மேல் வரை ஊற்றி, ஊசியில் காற்றுக் குமிழ் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மட்டம் 9 மில்லி கோட்டைத் தொடும்போது கடிகாரத்தை அழுத்துங்கள், 4 மில்லியைத் தொடும்போது நிறுத்துங்கள். எங்கள் ஊசியில் 30 டிகிரியில் வெறும் தண்ணீருக்கு 118 விநாடி வந்தது. உங்கள் ஊசியில் வேறு எண் வரும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, ஒரே ஊசியை எல்லா அளவுக்கும் பயன்படுத்தினால் போதும்.

வெப்பநிலையை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரின் பாகுநிலை 25 டிகிரியில் 0.89 மில்லிபாஸ்கல் விநாடி (பாகுநிலையை அளக்கும் அலகு), 35 டிகிரியில் 0.72. பத்து டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நாங்கள் செய்தது பிப்ரவரியில். ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீரை அளந்தோம், 131 விநாடி. பிறகு அவள் பள்ளிக்கூடம் போய் வந்து, நான் சாப்பிட்டு எழுந்து, மதியம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், கரண்ட் இல்லாமல் ஃபேன் ஓடாத நேரத்தில், மிக நீர்த்த கரைசலை அளந்தோம், 136 விநாடி. கணக்குப் போட்டால் சங்கிலியின் எடை லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பாலிமர் ஏற்றிவிட்ட பாகுநிலையில் பெரும்பகுதியை மதிய வெயில் தின்றுவிட்டது. அதனால் தண்ணீரையும் கரைசலையும் ஒரே நேரத்தில், அடுத்தடுத்து அளங்கள், பாட்டில்களை எல்லாம் ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் ஒன்றாக வைத்திருந்து எடுங்கள்.

கணக்கு

ராத்திரி ஊறிய கரைசலில் 100 மில்லிக்கு 0.2 கிராம் இருக்கிறது. சம அளவு தண்ணீர் சேர்த்தால் 0.1, அதைப் பாதியாக்கினால் 0.05, மறுபடி 0.025. இந்த மூன்றும் போதும். எங்களுக்கு வந்தவை: 0.1க்கு 281 விநாடி, 0.05க்கு 186, 0.025க்கு 148. ஒவ்வொன்றும் மூன்று முறை எடுத்த சராசரி.

ஒவ்வொரு நேரத்தையும் தண்ணீரின் 118ஆல் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். இது பாலிமர் மட்டும் கூட்டிய பங்கு. 148க்கு 0.254, 186க்கு 0.576, 281க்கு 1.381. பாருங்கள், செறிவு இரட்டித்தால் இது இரட்டிப்பைவிட அதிகமாக ஏறுகிறது, ஏனென்றால் சுருள்கள் ஒன்றின் ஓட்டத்தை ஒன்று தடுக்கத் தொடங்குகின்றன. நமக்கு வேண்டியதோ ஒற்றைச் சுருளின் கதை. அதனால் ஒவ்வொன்றையும் அதனதன் செறிவால் வகுத்துக்கொள்கிறோம்: 10.2, 11.5, 13.8. கிராஃப் தாளில் செறிவைக் கீழே வைத்து இந்த மூன்று புள்ளிகளையும் குறித்து, ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, செறிவு சுழியாகும் இடத்தில் கோடு எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு 9. இதற்கு உள்ளார்ந்த பாகுநிலை என்று பெயர், அலகு கிராமுக்கு டெசிலிட்டர். கரைசலில் சுருள் தனியாக, பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்த எண் சொல்கிறது.

கிராமுக்கு 9 டெசிலிட்டர் என்றால் 900 மில்லி. ஐன்ஸ்டைனின் 2.5ஆல் வகுத்தால் 360 மில்லி. அதாவது ஒரு கிராம் மாவு, உலர்ந்திருந்தால் ஒரு மில்லிகூட இடம் பிடிக்காத மாவு, கரைந்த பிறகு 360 மில்லி அளவுக்கு இடத்தை ஆக்கிரமித்த மாதிரி நடந்துகொள்கிறது. ஒரு கிராமுக்கு இரண்டு தம்ளர்! எனக்கு இந்தப் பரிசோதனையில் பிடித்ததே இந்த வரிதான், மூலக்கூறு எடை எல்லாம் பிறகுதான்.

சரி, அதையும் போட்டுவிடுவோம். உள்ளார்ந்த பாகுநிலைக்கும் மூலக்கூறு எடைக்கும் மார்க், ஹவ்விங்க் என்ற இருவர் பெயரில் ஓர் உறவு இருக்கிறது: எடையை ஒரு அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். அந்த இரண்டு எண்ணும் பாலிமருக்குப் பாலிமர், கரைப்பானுக்குக் கரைப்பான் மாறும். தண்ணீரில் குவார் கம்முக்கு அடுக்கு 0.723, மாறிலி 0.00038. எனவே 9ஐ 0.00038ஆல் வகுத்து, வரும் எண்ணை 1/0.723 அடுக்குக்கு உயர்த்துங்கள், போன் கால்குலேட்டரைப் படுக்கவைத்தால் அந்தப் பொத்தான் வரும். எங்களுக்கு ஏறத்தாழ 11 லட்சம். ஒற்றைச் சங்கிலி, 11 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களின் எடை. பாக்கெட் மாவில் ஈரமும் வேறு சாமானும் கலந்திருக்கும், ஊசிக்குள் ஓட்டம் வேகம் என்பதால் சுருள்கள் கொஞ்சம் நீண்டு விடை சற்றுக் குறைவாகவும் வரும், ஆகவே இதைப் பத்திலிருந்து இருபது லட்சத்துக்குள் என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்த அடுக்கு எண்ணும் தானாக வானத்திலிருந்து விழவில்லை. சுருள் தன்னைத்தானே கண்டுகொள்ளாத கரைப்பானில் 0.5, நல்ல கரைப்பானில் 0.8 வரை. மெரினாக் குடிகாரரின் வர்க்கமூலமும் ஃப்ளோரியின் 0.6உம் கொஞ்சம் வேஷம் மாற்றிக்கொண்டு வந்து நிற்கின்றன.

1920இல் ஹெர்மன் ஸ்டாவுடிங்கர் இப்படி ராட்சத மூலக்கூறுகள் இருக்கின்றன என்று சொன்னபோது வேதியியலாளர்கள் பலர் நம்பவில்லை, சின்ன மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். அவர் தன் வாதத்துக்குத் துணையாகக் கொண்டுவந்த சாட்சிகளில் ஒன்று இதே மாதிரிக் குழாயில் ஒழுகவிட்டு அளந்த பாகுநிலை. சங்கிலிகளை விறைப்பான குச்சிகள் என்று நினைத்து, பாகுநிலை எடைக்கு நேர் விகிதத்தில் ஏறும் என்றும் சொன்னார், அது தப்பு. அடிப்படை சரி. 1953இல் நோபல் வந்தது.

கெட்டியான கரைசலுக்குப் போனால்

ஒன்றை 9ஆல் வகுங்கள்: 0.11. நூறு மில்லிக்கு இத்தனை கிராம் வந்ததும் சுருள்கள் ஒன்றையொன்று தொட ஆரம்பிக்கும். அதற்குக் கீழே அவரவர் தனி வீடு, அதற்கு மேலே தி.நகர் ரங்கநாதன் தெரு. இன்னும் கொஞ்சம் மேலே போனால் சிக்கல் விழும், இடியாப்பத் தட்டு மாதிரி. தட்டிலிருந்து ஒரு இழையை மட்டும் உருவ வேண்டுமென்றால் பக்கவாட்டில் நகர்த்த முடியாது, அதன் நீளவாக்கிலேயே பாம்பு போல ஊர்ந்து வெளியே வர வேண்டும். 1971இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் கில் டி ஜென் சொன்னது ஏறக்குறைய இதைத்தான் (இடியாப்பம் என் சேர்க்கை). இந்தக் கணக்கில் நீளம் இரட்டித்தால் பாகுநிலை எட்டு மடங்காக வேண்டும். அளந்து பார்த்தால் பத்து மடங்கை ஒட்டி வருகிறது, அந்த வித்தியாசத்தை விளக்கவே பிறகு நிறையப் பேர் உழைத்தார்கள். செறிவை இரட்டித்தாலும் இந்த இடத்தில் பத்து மடங்கு அளவில்தான் ஏறும்.

இதை ஊசியில் அளக்கப் பார்க்காதீர்கள். 0.5 சதவீதக் கரைசலை ஊற்றிவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். 1 சதவீதம் செய்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கையால் தொட்டுப் பாருங்கள், போதும். ஸ்பூனை மெதுவாக இழுத்தால் தேன் மாதிரி தடுக்கும், வேகமாகக் கலக்கினால் தடை விட்டுக்கொடுக்கும். வேகமாக இழுக்கும்போது சங்கிலிகள் ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசைகட்டுகின்றன, சிக்கல் குறைகிறது. தக்காளி சாஸ் பாட்டிலைக் குலுக்கினால் பொதக்கென்று விழுவதும் இந்த ஜாதிதான், அதில் சாந்தன் கம் என்று வேறொரு சங்கிலி. ஆனால் சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துக் குத்தினால் கல்லாகிறதே, யூடியூபில் எல்லாரும் செய்வது, அது இந்தக் கதையே இல்லை. அங்கே சங்கிலி கரையவே இல்லை, மாவுத் துகள்கள் மணல் மாதிரி நெரிசலில் இறுகுகின்றன. அதே மாவைக் காய்ச்சுங்கள், அப்புறம்தான் பாலிமர் வெளியே வரும்.

அதே 1 சதவீதக் கிண்ணத்தில் நாட்டு மருந்துக் கடை வெண்காரத்தைத் தண்ணீரில் கரைத்து அரை ஸ்பூன் விடுங்கள் (வாயில் வைக்கக் கூடாது, கையைக் கழுவிவிடுங்கள்). கலக்கக் கலக்கவே கட்டியாகி ஸ்பூனோடு உருண்டு வந்துவிடும். வெண்காரம் ஒரு சங்கிலியை இன்னொன்றோடு கட்டிப்போடுகிறது, ஆனால் நிரந்தரமாக அல்ல, முடிச்சுகள் அவிழ்ந்து அவிழ்ந்து வேறு இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த உருண்டையை வெடுக்கென்று இழுத்தால் முறியும், முடிச்சு அவிழ நேரம் கொடுக்கவில்லை. தட்டில் வைத்துவிட்டு காபி போட்டுக்கொண்டு வாருங்கள், தோசை மாவு போலப் பரந்து கிடக்கும். திடமா திரவமா என்று கேட்பதே சரியில்லை, எவ்வளவு நேரத்துக்குள் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். பூமிக்கு அடியில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் கம்பெனிகளும் இதே ஜோடியைத்தான் பயன்படுத்துகின்றன, மணலைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோக. அதனால்தான் 2012 வாக்கில் ராஜஸ்தான் கொத்தவரை விதையின் விலை கண்டபடி ஏறியது.

இன்னும் ஒன்று, இது இரண்டே நிமிட வேலை. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் இருக்கும் ஜெல் சானிடைசரை உள்ளங்கையில் எடுத்து, ஒரு சிட்டிகை உப்பு தூவித் தேயுங்கள். ஜெல் சட்டென்று தண்ணீராகிவிடும். அதில் இருப்பது கார்போமர், மின்சுமை உள்ள சங்கிலி வலை. எல்லாமே மைனஸ் மின்சுமைகள், அவை ஒன்றையொன்று தள்ளுவதால்தான் அது அவ்வளவு உப்பி நிற்கிறது, உப்பின் அயனிகள் வந்து அந்தத் தள்ளலை மறைத்ததும் சுருங்குகிறது. ஒரு சங்கிலியும் அறவில்லை, எடையும் மாறவில்லை, பிடித்திருந்த இடம்தான் குறைந்தது. வெண்டைக்காயின் கொழகொழப்புக்கு அம்மா புளித் தண்ணீரோ தயிரோ சேர்ப்பதும் இதன் பங்காளிதான்: வெண்டைக்காய்ச் சங்கிலியில் அமிலத் தொகுதிகள் உண்டு, புளிப்பு சேர்ந்தால் அவற்றின் மின்சுமை குறையும், சுருள் ஒடுங்கும். குவார் கம்மில் மின்சுமை கிடையாது, எனவே அதில் உப்பைக் கொட்டினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. நம்பாவிட்டால் ஊசியில் அளந்து பாருங்கள், தண்ணீரிலும் அதே அளவு உப்பு போட்டு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, கரைசலை வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று. சென்னை வெயிலில் குவார் கம் கரைசல் கிருமிகளுக்கு விருந்து, அவை சுரக்கும் நொதிகள் சங்கிலியை அங்கங்கே வெட்டும். நாங்கள் 0.1 கரைசலை இரண்டு பாட்டிலில் பிரித்து, ஒன்றை ஃபிரிட்ஜிலும் ஒன்றை அடுப்பு மேடையிலும் வைத்தோம். ஃபிரிட்ஜ் பாட்டில் மறுநாள் 279 விநாடி, அதற்கு மறுநாள் 276. மேடையில் இருந்தது 262, 203 என்று இறங்கியது. எடை அளவில் பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது, மாவு பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கிறது, ஆனால் கொசுவலை கந்தலாகிவிட்டது. நாலாம் நாள் புள்ளியை எடுக்க அவள் சிரிஞ்சைக் கழுவிக்கொண்டு வந்தபோது மேடையில் பாட்டில் இல்லை. "அந்த நாத்தம் புடிச்ச தண்ணிதானே? காலையிலேயே கொட்டிட்டேன்" என்றாள் அக்கா. கிராஃபில் அந்தக் கோடு மூன்றாவது புள்ளியோடு நிற்கிறது, பக்கத்தில் காரணத்தையும் எழுதித்தான் பிராஜெக்டைக் கொடுத்தாள்.